வீட்டு நெட்டில் ஆபீஸ் வி.பி.என் அறுந்துபோகிறதா? ரூட்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, வீட்டில் ஐந்து பேர். சாயங்காலம் ஆனால், ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என் அடிக்கடி அறுந்துவிடுகிறது, அதே நேரத்தில் ஹாலில் யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. ஆபீஸ் ஐடி-யில் "உங்க வீட்டு நெட் சரியில்லை" என்கிறார்கள், நெட் கம்பெனியில் "ஸ்பீடு கரெக்டா வருது சார், ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். கடைக்காரர் எட்டாயிரம் ரூபாய்க்கு, வீடு முழுக்க வைஃபை சிக்னல் பரப்பும் மெஷ் ரூட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எட்டாயிரம் போட்ட பிறகும் அதே இடத்தில் நிற்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கோளாறு எங்கே என்று இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

அடுத்த தடவை அறுந்தால் லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். அங்கேயும் அறுந்தால் கோளாறு பெரும்பாலும் ஆபீஸ் பக்கம், அல்லது லேப்டாப்பில். ஐடி ஆட்களிடம் அதைச் சொல்லுங்கள். ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடினால் வீட்டுக்குத் திரும்புங்கள், லேன் கேபிளை ரூட்டரில் நேராகச் செருகுங்கள். கேபிளில் சரியாகி வைஃபையில் மட்டும் அறுகிறது என்றால் குற்றவாளி வைஃபை, அதற்கும் மெஷ் தேவையில்லை: சில நூறு ரூபாய்க்குக் கேட்-6 கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். கேபிள் போட வழியில்லை என்றால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆனால் சாயங்காலம் மட்டும் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் அப்லோட் மேல்தான். எல்லாரும் வீடு திரும்பியதும் போன்கள் வைஃபையில் ஏறும், அன்று எடுத்த வீடியோக்களைச் சத்தமில்லாமல் பேக்கப்புக்கு அனுப்ப ஆரம்பிக்கும். சில பிளான்களில் அப்லோட் வேகம் டவுன்லோடைவிட ரொம்பக் குறைவு. அது நிரம்பிவிட்டால் ரூட்டர் பாக்கெட்டுகளை (நெட்டில் போகும் சின்னத் தரவுத் துண்டுகளை) வரிசையில் நிறுத்திவைக்கும், உங்கள் வி.பி.என் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். யூடியூப் அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்வதால் சில நொடி நெட் தடுமாறினாலும் வெளியே தெரியாது. வி.பி.என்-னில் ஆபீஸ் சர்வரும் லேப்டாப்பும் "இருக்கியா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் பதில் வரவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஸ்பீடு டெஸ்டில் 100 வந்தும் வி.பி.என் அறுவதற்கு இதுதான் பொதுவான காரணம், நெட் கம்பெனிக்காரர் பார்ப்பதோ அந்த 100-ஐ மட்டும்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வி.பி.என் போடாமல் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையைக் கூகுள் சர்வரான 8.8.8.8-க்குக் கொடுங்கள். சாதாரணமாக 10, 20, 30 மில்லி செகண்ட் என்று வரும். இப்போது ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டே மறுபடி பிங் செய்யுங்கள். 300, 500 என்று ஏறினாலோ, பதில் வராமல் விட்டுவிட்டு வந்தாலோ அப்லோட்தான் காரணம், சந்தேகமே இல்லை. போன்களின் பேக்கப்பை இரவு பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் செட்டிங்கில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக்கொடுக்கும் வசதி) இருந்தால் அப்லோடை உண்மையாகக் கிடைக்கும் வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டிவையுங்கள். இந்த வசதி உங்கள் ரூட்டரில் இல்லவே இல்லை என்றால் அப்போது புது ரூட்டர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மெஷ் தேவையில்லை, நல்ல கியூஓஎஸ் உள்ள ஒற்றை ரூட்டர் போதும்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே கம்பெனி. அவர் வி.பி.என் போட்டால் என்னுடையது போய்விடுகிறது, நான் போட்டால் அவருடையது. நெட் கம்பெனியில் மாதாமாதம் தனிக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கச் சொல்கிறார்கள். (கோவை வாசகி)

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஸ்டேட்டிக் ஐபி வாங்கினாலும் வீட்டுக்கு ஒரே முகவரிதான், இரண்டு லேப்டாப்பும் அதே முகவரியிலிருந்துதான் வெளியே போகும், உங்கள் சிக்கலே அதுதான். எல்2டிபி/ஐபிசெக் வகை பழைய வி.பி.என் சர்வர்கள் பலவற்றுக்கு ஒரே முகவரியிலிருந்து வரும் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டாவது ஆள் வந்ததும் முதல் ஆளைக் கழற்றிவிடும். ஒருவர் வீட்டு வைஃபையிலும் மற்றவர் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் இருந்து பாருங்கள். இரண்டும் ஓடினால் அதையே ஐடி-க்கு எழுதுங்கள்: ஒரே பப்ளிக் ஐபி, இரண்டு பேர், ஒருவர் விழுகிறார். 443 போர்ட்டில் ஓடும் எஸ்எஸ்எல் வி.பி.என் அல்லது 4500 போர்ட்டில் ஓடும் ஐகேஇ-வி2-க்கு உங்களை மாற்றிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதை ஆபீஸ்தான் செய்ய வேண்டும், நீங்கள் கடையில் வாங்கித் தீர்க்க முடியாது.

இன்னொன்று, ரூட்டரின் வேன் (வெளி நெட் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே பப்ளிக் முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்கள் கம்பெனிக்காரர் ஒருவரால்கூட இதே தொல்லை வரலாம். மற்றபடி வீட்டிலிருந்து ஆபீசுக்கு இணைப்பவருக்கு ஸ்டேட்டிக் ஐபி தேவையே இல்லை. குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டுமே உள்ளே விடுவோம் என்று ஆபீஸ் எழுத்தில் சொன்னால் வாங்குங்கள்.

கேள்வி: வி.பி.என் "கனெக்டட்" என்று காட்டுகிறது, ஆனால் ஆபீஸ் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் வீட்டு ரூட்டரும் ஆபீசும் ஒரே 192.168.1 வரிசை முகவரிகளை வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் லேப்டாப் ஆபீஸ் சர்வரை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டர் செட்டிங்கில் லேன் (வீட்டுக்குள் பக்க) முகவரியை 192.168.37.1 மாதிரி அதிகம் பேர் வைக்காத ஒன்றாக மாற்றி எல்லாவற்றையும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், செலவே இல்லை. ஃபோல்டர் திறந்து பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் அது வேறு விஷயம், எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட், பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு நுழையும்) இணைப்பில் 1492-தான் போகும், அதற்கு மேல் வி.பி.என் தன் உறையையும் சுற்றும். வி.பி.என்-னின் எம்டியுவை 1400-க்குக் கீழே வைத்துப் பார்க்கச் சொல்லி ஐடி-யிடம் கேளுங்கள்.

கேள்வி: கேபிளில் போட்டும் அறுகிறது, வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தவில்லை, நெட் கம்பெனி மேல்தான் தப்பு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதோடு சரி. (சென்னை வாசகி)

பதில்: புகாரில் வி.பி.என் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், எடுத்தால் உடனே ஆபீஸ் பக்கம் தள்ளிவிடுவார்கள். "கேபிளில் நேராக இணைத்தும் இத்தனை மணிக்கு இத்தனை சதவீதம் பாக்கெட் லாஸ்" (வழியில் தொலைந்த பாக்கெட்டுகள்) என்று சொல்லுங்கள், பிங் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அந்த எண்ணோடு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, அங்கே எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் மீதான புகாரை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதனால் "இது உங்க வரம்புக்குள்ள வராது" என்று நெட் கம்பெனிக்காரர்கள் ஆணையத்தில் வாதாடினால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். பில்கள், புகார் எண்கள், பிங் படங்கள் மூன்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.