நகரி ஓடையில் கிடைத்த கோடு போட்ட கல்

வணக்கம். நகரி மலையடி ஓடையில் எடுத்த கல் கண்ணாடியைக் கீறுகிறது, அப்படியானால் அகேட் எனும் வரிவரியான மணிக்கல்தானே என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சோதனை இங்கே உதவாது. நகரி மலையின் குவார்ட்சைட்டும் கண்ணாடியைக் கீறும். அது மணற்கல் இறுகியது. கோடுகள் பழைய மணல் படிவுகள்.

அகேட் உருவாகும் விதமே வேறு. எரிமலைக் குழம்பு ஆறும்போது வாயுக் குமிழிகள் குழிகளாக நின்றுவிடும். பிற்பாடு சிலிக்கா கரைந்த நீர் உள்ளே கசிந்து, சுவரிலிருந்து நடுவை நோக்கி அடுக்கடுக்காகப் படியும். அதனால்தான் கோடுகள் குழியின் வடிவத்திலேயே வளைகின்றன. நடுவில் இடம் மிஞ்சினால் குவார்ட்ஸ் படிகம் வளரும். தக்காண எரிமலைப் பாறைகளில் இது நிறைய உண்டு.

உடைந்த ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சர்க்கரை மாதிரி மணிமணியாக இருந்தால் குவார்ட்சைட். மெழுகுப் பளபளப்போடு வெளிச்சம் ஊடுருவினால் அகேட்டாக இருக்கலாம்; அவசியம் படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.