அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளில் 'எட்டு பேர் ஃபுட்பால்' என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கன் ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிக்கு 11 பேர். நெப்ராஸ்கா, கான்சாஸ் மாநிலங்கள் பக்கச் சின்னப் பள்ளிகள் பல 8 பேரை வைத்தே ஆடுகின்றன; மைதானமும் பெரும்பாலும் 100 கெஜத்துக்குப் பதில் 80 கெஜம்தான். காரணம், பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பள்ளியில் போதுமான பையன்கள் இல்லை. (1934-இல் நெப்ராஸ்காவில் ஆறு பேர் ஆட்டம் பிறந்ததும் சின்னப் பள்ளிகளுக்காகத்தான்.)

பயிற்சியாளர் பாடுதான் திண்டாட்டம். பெரிய பள்ளியில் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் இருக்கும். இங்கே அதே பையன் இரண்டையும் செய்வான். சின்ன மெஸ்ஸில் சமைப்பவரே பரிமாறிவிட்டுக் கல்லாவிலும் உட்காருவாரே, அது மாதிரி. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் இரண்டு மூன்று இடம் காலி. அதனால் நிறைய வியூகம் சொல்லித்தர மாட்டார்கள். கொஞ்சம்தான், ஆனால் உருப்படியாக.

ஆள் குறைவு என்பதால் இது மோதல் இல்லாத விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட், தோள்கவசம், ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவது எல்லாம் அப்படியே உண்டு.