வாசகர் கேள்வி – பதில்: கரை திரும்பாதவர்களின் வீட்டில்

கேள்வி: 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரி மாவட்டம் குழித்துறையில் மீனவர்கள் நடத்திய ரயில் மறியலில் பங்குத்தந்தையரும் (ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களின் குருக்களும்) அமர்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் செபித்து ஆறுதல் கூற வேண்டியவர்களுக்கு அது தகுந்த வேலைதானா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தகுந்த வேலைதான் என்பேன். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை உள்ளிட்ட தூத்தூர் பகுதி மீனவர்கள் சுறாமீன் பிடிப்பதில் பேர்போனவர்கள். கரையை விட்டால் வாரக்கணக்கில் அரபிக் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். நவம்பர் 30 அன்று புயல் அடித்தபோது அவர்களில் பலர் எந்த எச்சரிக்கையும் எட்டாத தொலைவில் இருந்ததால், கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு மரணச் செய்திகூட வந்து சேரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்காக, இறந்தோருக்குரிய நித்திய இளைப்பாற்றி வேண்டிச் செபித்தால், அவருடைய மனைவிக்கு அது ஆறுதலாக இருக்குமா, அடியாக விழுமா? அந்த வீடுகளுக்கு அப்போது வேண்டியிருந்தது தேடுதல்.

கடற்கரை ஊர்களில் கோயில் என்பது வழிபாட்டு இடம் மட்டுமாக என்றுமே இருந்ததில்லை. மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குச் செல்லும் வழக்கமும், ஊர் நிர்வாகத்தில் பங்குத்தந்தை முன்னிற்கும் வழக்கமும் அங்கே நெடுங்காலமாக உண்டு. எந்தப் படகில் யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற பட்டியலைப் பங்குக் கோயில்கள் வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்தன; அந்தக் கணக்கும் அரசின் கணக்கும் ஒத்துப்போகாததுதான் மக்களின் கொதிப்பைக் கூட்டியது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்து, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் உறுதிமொழி கிடைத்த பிறகே, இரவில் எழுந்தார்கள். (தூத்தூர் பகுதி தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத்தின் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தை (பேராயரின் ஆளுகைப் பகுதியை) சேர்ந்தது, அன்றைய பேராயர் சூசை பாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். அதனால் இவர்களுடைய குரல் சென்னை, திருவனந்தபுரம் ஆகிய இரண்டு தலைநகரங்களிலும் ஒலித்தது.) அழுகின்ற மக்கள் தண்டவாளத்தில் இருக்கும்போது பங்குத்தந்தை மட்டும் மேடையில் ஏறி மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தால்தான் நான் குறை சொல்லியிருப்பேன்.

கேள்வி: உடல் கிடைக்காதவருக்கு அடக்கத் திருப்பலி (அடக்கப் பூசை) நிறைவேற்றலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உடல் இல்லாமலும் நிறைவேற்றலாம், கத்தோலிக்கத் திருச்சபை அதை அனுமதிக்கிறது. எப்போது என்பதில்தான் நிதானம் வேண்டும். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட விதியை ஒக்கியின்போது அரசு தளர்த்தியதால், நிவாரணம் விரைந்து கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அரசின் தாள் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக, மகன் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கியிருப்பான் என்று நம்பும் தாயிடம் திருப்பலிக்கு நாள் குறிக்கச் சொல்வது கொடுமை. அவர் கேட்கும்வரை, விசுவாசிகள் மன்றாட்டில் 'இறந்தோர்' வரிசையில் பெயரைச் சேர்க்காமல், 'கரை திரும்பாதவர்களுக்காக' என்று மன்றாடலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள், இவர்களுக்கு மிகவும் கடினமான நாள், ஏனெனில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு ஒரு கல்லறை இல்லை. பெயர் பொறித்த கல் ஒன்றைக் கோயில் வளாகத்தில் வைக்கலாம்; அதையும் குடும்பத்தாரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

கேள்வி: அன்பியக் குழுவாக (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவாக) அந்த வீடுகளுக்குச் செல்லும்போது என்ன பேசுவது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: குறைவாகப் பேசுங்கள். ஆண்டவருக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்பதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது கேட்பவரைக் கடவுளோடு சண்டையிட வைக்கும். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் யாரும் வருவதில்லை. அப்போது போங்கள்; படகுக் கடனுக்காக வாசலில் நிற்பவரிடம் பேசவும், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணோடு உடன் செல்லவும், உங்கள் குழுவில் யாரேனும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.