தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு இது 7-ஆம் மாதம், முதல் பிரசவம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் வந்து, குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஸ்டெம் செல் வங்கியில் சேமித்து வைத்தால் பின்னாளில் 80 நோய்களுக்குக் கைவசம் மருந்து இருக்கும் என்றார். 60,000 ரூபாய், தவணையில் கட்டலாமாம். என் அப்பாவுக்குச் சர்க்கரை, மாமனாருக்கு இதய நோய். இப்போது விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவோமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு இது தேவையில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல்கள், அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள், இருப்பது உண்மை, அதை வைத்து உயிர் காப்பாற்றியதும் உண்மை. 1988-இல் பாரிஸில், பரம்பரை ரத்தசோகை வந்த ஒரு சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இப்படிச் செய்தார்கள். ஆனால் அவனுக்கு ஏற்றியது அவனுடைய ரத்தத்தை அல்ல, அப்போது பிறந்த தங்கையின் ரத்தத்தை. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். அந்த 80 நோய்கள் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது நோயில்லாத இன்னொருவரின் செல்கள்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் போல மரபணுவிலேயே கோளாறு இருந்தால் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். குழந்தைகளுக்கு வரும் சில ரத்தப் புற்றுநோய்களின் வித்து பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்திருக்கலாம், அதைச் சேமித்துத் திரும்ப ஏற்றி என்ன பயன்? தாத்தாக்களின் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் நிரூபணமான சிகிச்சை எதுவும் இன்று இல்லை. போதாததற்கு, ஒரு கொடியில் கிடைக்கும் செல்கள் சின்னக் குழந்தைக்குப் போதுமானாலும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போதாது.

‘அறிவியல் வளர்கிறது சார், நாளைக்குப் பயன்படும்’ என்பார்கள். வளரத்தான் செய்கிறது. தலசீமியாவுக்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டன் அனுமதி கொடுத்தது, பெரிய சாதனை அது. அதற்கான ஸ்டெம் செல்களை நோயாளியின் உடம்பில் ஓடும் ரத்தத்திலிருந்து அப்போதே எடுக்கிறார்கள், பிறந்தபோது எதையும் சேமித்து வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து அரசு உரிமத்தைக் காட்டுவார்கள். தயவுசெய்து இதில் ஏமாறாதீர்கள். ரத்தத்தைச் சுத்தமாக எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்கக் கொடுத்த உரிமம் அது, உங்கள் பிள்ளைக்குப் பலிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. குழந்தையின் சொந்த எதிர்கால உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017 வழிகாட்டு நெறிகளில் எழுதிவிட்டது. ஒரு கையால் உரிமம், இன்னொரு கையால் ‘அடிப்படை இல்லை’ என்று காகிதம்! நடுவில் கர்ப்பிணிகளின் பயத்தை வைத்து வியாபாரம் நடக்கிறது, நெறிமுறைகள் தாளோடு நிற்கின்றன. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். கர்ப்பிணியின் போன் நம்பர் ஏஜென்ட் கைக்கு எப்படிப் போகிறது என்று யாராவது கேட்கிறோமா?

விதிவிலக்கு ஒன்று உண்டு, இது உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறொருவருக்குப் பொருந்தலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியா போன்ற, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றும் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் இருந்து, இப்போது தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது என்றால் அந்த ரத்தத்தைச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் முடிவைச் சொல்ல வேண்டியவர் மூத்த பிள்ளையைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவர், ஏஜென்ட் அல்ல. பிறக்கப் போகிற குழந்தைக்கு அதே நோய் இல்லை என்று கருவிலேயே பரிசோதித்திருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் திசு வகையில் முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருந்தினாலும் செல்கள் குறைவாக இருந்தால், அந்தக் குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் எலும்பு மஜ்ஜையையும் எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே பிரசவ வலி வந்த பிறகு ஓடாமல், பல வாரங்களுக்கு முன்பே வேலூர் சி.எம்.சி. போல இந்தச் சிகிச்சையில் நீண்ட அனுபவமுள்ள இடத்தில் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரசவம் பார்க்கப் போகும் டாக்டரிடம், குழந்தை பிறந்ததும் கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்க முடியுமா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இதைத்தான். அந்த ரத்தம் குழந்தைக்கே போய் இரும்புச்சத்தைக் கூட்டும், அதற்குச் செலவும் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பகுதியைப் படித்துவிட்டு, வேண்டாம் என்பதைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். பிரசவத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், ரத்தத்தை எடுத்துவிட்ட பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.