ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

தம்பி, நீங்கள் சொன்னது இதுதானே: சிங்கப்பூர் வந்து பதினாலு மாதம், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இருக்கிறீர்கள். ஆள் குறைக்கிறோம் என்று மேலாளர் வாயால் மட்டும் சொல்லி, ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார். அதே வாரம் உங்கள் வேலைக்கே ஆள் தேவை என்று விளம்பரம் வந்திருக்கிறது. புகார் கொடுத்தால் எதைக் காட்டுவது என்று கேட்கிறீர்கள்.

முதலில், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 2021-ல் நான் கொடுத்தேன். மூடிய அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து, "நாங்கள் நீக்கினால் உனக்கு அடுத்த வேலை கிடைக்காது" என்றார்கள். பயந்துபோய் கையெழுத்துப் போட்டேன். மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் இங்கே பணிநீக்கம்தான். ஆனால் மிரட்டினார்கள் என்று காட்ட வேண்டியவர் நாம். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சமரசப் பேச்சில் அவர்கள் என் கையெழுத்தை எடுத்து மேசையில் வைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

இங்குள்ள சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காரணம் எதுவும் சொல்லாமல், ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து நீக்கினால், பொதுவாக அது தவறான நீக்கம் ஆகாது. ஆனால் ஒரு காரணத்தைச் சொல்லி, அது பொய் என்று தெரிந்தால் கதை மாறிவிடும். ஆள் குறைப்பு என்று சொல்லிவிட்டு அதே வேலைக்கு உடனே இன்னொருவரை எடுப்பது அப்படிப்பட்டதுதான். அதனால் அந்தக் காரணம் எழுத்தில் வந்தாக வேண்டும்.

இன்றிரவே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள், ஆள் குறைப்பு என்று சொன்னது, ராஜினாமா கேட்டது, உங்களுக்கு விலக விருப்பமில்லை என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பதில் வராவிட்டாலும், பேச்சு நடந்த சூட்டோடு நீங்கள் எழுதியது உங்கள் கையில் இருக்கும்.

விளம்பரத்தை உடனே முழுப் பக்கமாகப் படம் எடுத்துவையுங்கள். இணைய முகவரியும் தேதியும் தெரிய வேண்டும்; நாளைக்கே விளம்பரத்தை நீக்கிவிடுவார்கள். அதிலுள்ள பொறுப்புகளை உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் உரையாடலை முழுசாக ஏற்றுமதி செய்யுங்கள். சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு அறிக்கை, பாராட்டி வந்த அஞ்சல் எல்லாம் சேரட்டும். ஆனால் வாடிக்கையாளர் கோப்பு, நிரல் என்று நிறுவனத்தின் சொத்து எதையும் உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதையே ஒழுங்கீனம் என்று திருப்பி விடுவார்கள். உங்களைப் பற்றிய காகிதம் மட்டும் போதும்.

அப்புறம் கெடு. தவறான பணிநீக்கப் புகாரை டிஏடிஎம் என்கிற முத்தரப்பு அமைப்பில், கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சம்பளப் பாக்கிக்கு 6 மாதம் உண்டு என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடுகிறார்கள். நோட்டீஸோடு நீக்கப்பட்ட நிர்வாகப் பணியாளர் புகார் கொடுக்கக் குறைந்தது 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். அது உங்களுக்கு இருக்கிறது. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் யாருக்கும் இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும். அதனால் நடந்ததைத் தேதிவாரியாக இரண்டு பக்கத்தில் எழுதிவையுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கையின் உச்சவரம்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தொழிற்சங்க உறுப்பினராக அவர்கள் வழியே போனால் 30,000.

பாஸை ரத்து செய்தபின் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்கலாம். அந்தக் கெடுவும் புகார்க் கெடுவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். கடைசி மாதச் சம்பளத்தை வருமான வரிக் கணக்கை முடிப்பதற்காக நிறுத்திவைப்பார்கள். அது வெளிநாட்டுப் பணியாளருக்குப் பொதுவாக உள்ள நடைமுறைதான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசி வேலை நாள் எது என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? அந்தத் தேதியை எழுதுங்கள், மீதி நாட்களைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.