மருத்துவப் பட்டமின்றிப் புற்றுநோய் ஆய்வுக்கு வரலாமா?

வணக்கம் சகோதரி. கும்பகோணத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்த தாங்கள், மருத்துவப் பட்டமின்றி மார்பகப் புற்றுநோயின் நோய்ப்பரவலியல் (ஒரு நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டு ஆராயும் துறை) ஆய்வில் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேரலாம்.

பாபநாசத்துப் பெண் ஒருவர் தஞ்சாவூரில் பரிசோதனையும் சென்னையில் சிகிச்சையும் பெறும்போது, ஓரிடத்தில் தந்தையின் முன்னெழுத்தும் மற்றோரிடத்தில் கணவரின் முன்னெழுத்தும் பதிவாகிவிட்டால், ஒரே நோயாளி இருவராக எண்ணப்படக்கூடும். அதைக் கண்டறிந்து களைய உங்களைப் போன்றவர்களே தேவை. வட்டார வழக்கும் ஊர்ப்பெயர்களும் தெரிந்திருப்பது இதில் பெரும்பலம்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆகியவற்றின் திட்டப்பணி அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள். மும்பையில் 1998-இல் தொடங்கி, சுமார் 1,50,000 பெண்களை இருபதாண்டுகள் பின்தொடர்ந்த டாடா நினைவு மையத்தின் மார்பகப் பரிசோதனை ஆய்வைப் படித்துவிட்டு, நம் காவிரி டெல்டாவுக்குப் பொருந்தும் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து ஆய்வாளர்களுக்கு எழுதுங்கள்.