வில், பறை, மேளம்: மன்றத்துக்கு வரும் கலைஞர்கள் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மதுரையில் நாங்கள் நடத்தும் சிறிய நாட்டார் இசை மன்றத்துக்குப் புரட்டாசியில் கன்னியாகுமரிப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு வருகிறது. ஐப்பசியில் பறையாட்டம், கார்த்திகையில் நையாண்டி மேளம். குழுக்களை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது என்பதால் உறுப்பினர்களின் கேள்விகளும் என்னிடமே வந்தன.

வில்லுப்பாட்டை ஆடியிலேயே வைத்திருக்கலாமே?
ஆடி, கொடை என்னும் கோயில் திருவிழாக்கள் நடக்கும் மாதம். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் பாட வேண்டியவர்களை அந்த நேரத்தில் இங்கே இழுத்துவருவது முறையல்ல.

என்ன கதை ஐயா?
முத்துப்பட்டன் கதை. நான்தான் கேட்டுக்கொண்டேன். பிராமணனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டுத் தொழிலையே ஏற்று, மாட்டைக் கவர வந்தவர்களோடு மோதி உயிர்விடுகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் அவனுக்கு வழிபாடு உண்டு.

ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்ல முடியாதா? மறுநாள் வேலை இருக்கிறது.
முடியாது, மன்னியுங்கள். கொடையில் விடிய விடியப் பாடுகிற கதை இது. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் பாடிய பிறகே கதைக்குள் போவார்கள். முன்பு ஒரு விழாவில் இதே கதைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். திருமணம் பாடி முடித்ததும் கீழிருந்து கை காட்டினார்கள். முதன்மைப் பாடகரான புலவர், வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். பட்டன் சாகவே இல்லை. பெண்கள் தீக்குள் இறங்கவும் இல்லை. அவரை அழைத்துப் போனவன் நான். பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இந்த முறை மூன்று மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?
வில்லோடு சேர்ந்து தாளம் போடும் மண்குடத்துக்கு அருகில். பத்தி என்னும் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் ஒலி ஒலிபெருக்கியில் பாதிதான் வரும். பக்கப்பாட்டுக்காரர்கள் “ஆமா” போடுவதும் அங்கிருந்து தெளிவாகக் கேட்கும்.

பறை சாவுக்கு அடிப்பதுதானே? மண்டபத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே?
மண்டபத்துக்குள், நடுவில்தான் வைப்போம். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சொல்கிறது. நம் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டில் அடிப்பதும் இழிவில்லை. நம் பெற்றோரை வழியனுப்பிய கைகள் அவை. வெளியே இருக்கப்போவது நெருப்பு மட்டும்தான். தோலைக் காய்ச்சினால்தான் ஒலி இறுகும்.

பிள்ளைகள் அடித்துப் பார்க்கலாமா?
கலைஞர்களிடம் கேட்டுவிட்டு, தாராளமாக. மெல்லிய நீளமான சிம்புக்குச்சி இடக்கையில், குட்டையான அடிக்குச்சி வலக்கையில்.

நையாண்டி மேளத்தில் சினிமாப் பாட்டு கேட்கலாமா?
கேட்டால் வாசிப்பார்கள். ஆனால் அதில் உறுமி என்னும் மேளத்தை வாசிப்பவர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலை முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

வில்லுப்பாட்டில் நடுவில் எழுந்து போகலாமா?
அவசரமென்றால் போங்கள். முடிந்தவர்கள் வாழி வரை இருங்கள். கேட்டவர்களையும் ஊரையும் அவர்கள் வாழ்த்திப் பாடும்போது நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது.